மூலை மடிப்பு

குவோபியோ பேருந்துப் பணிமனையில்
பதினெட்டு ஆண்டுகளாக இருக்கைகள் தைக்கிறேன்.
கிழிந்தால் என்னிடம் வரும்.
பள்ளிப் பிள்ளைகள் பேனாவால் குத்தியது,
பனிச்சறுக்குக் கட்டையின் முனை கீறியது,
யாரோ சிகரெட்டால் பொசுக்கியது.
அதனால்தான் மருத்துவர் சாரெலா
தாளில் ஒரு மார்பை வரைந்தபோது
நான் முதலில் கேட்டது:
உள்ளே என்ன அடைப்பீர்கள்?

சிரித்தார். இழுப்பறையிலிருந்து
சிலிக்கோன் பை ஒன்றை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
முதலில் தசைக்கடியில் வெறும் பை,
வாரந்தோறும் ஊசியால் உப்புநீர்,
தோல் மெல்ல மெல்ல இடங்கொடுக்கும்,
பிறகு இது.
பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற நேரலாம் என்றார்.
எங்கள் இருக்கைகளுக்கும் அதே கணக்குத்தான்.

அல்லது வயிற்றிலிருந்து.
தொப்புளுக்குக் கீழே படகு வடிவில் அரிந்து,
இழை போன்ற நாளங்களை நுண்ணோக்கியின் கீழ் முடிந்து
மேலே குடியேற்றுவது. எட்டு மணி நேரம்.
அல்லது முதுகுத் தசையை
அக்குளுக்கு அடியில் சுரங்கம் போட்டு
முன்னால் திருப்பிக் கொண்டுவருவது.
"பனி அள்ளுவீர்களா?"
இந்த ஊரில் அள்ளாதவர் யார்?
"அப்படியானால் முதுகு வேண்டாம்" என்று
அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

காம்பு?
பச்சை குத்துவார்களாம். நிழல் வைத்து.
தொட்டுப் பார்க்கும்வரை மேடு போலவே இருக்குமாம்.

எஸ்கோவிடம் தாளைக் காட்டினேன்.
இரண்டு தரம் படித்தான்.
"உனக்கு எது சரியோ" என்றான்.
மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.
அன்று பனியே பெய்யவில்லை.

வியாழன், பெண்கள் சவுனா.
ஏரியில் அறுத்த துளைக்குள் இறங்கி ஏறி
பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.
ஐலாவுக்கு வயிற்று மார்பு.
கிறிஸ்துமஸில் பன்றித்தொடை தின்றால்
இதுவும் சேர்ந்து பருக்கிறது,
பழைய ஊரை மறக்கவில்லை என்றாள்.
ஹெல்வியுடையது சிலிக்கோன்.
"இங்கே தொடு" என்று என் கையை இழுத்து வைத்தாள்.
அவள் முகம் வியர்த்துக் கொட்டுகிறது,
தோள் சிவந்திருக்கிறது,
அது மட்டும் இன்னும் ஏரிக்குள் இருந்தது.

யாரோ கல்லின்மேல் நீர் ஊற்றினார்கள்.
ஒருவரும் என் இடப்பக்கத்தைப் பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தார்கள்.
பிறகு வாளியைக் கேட்டார்கள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்றேன்.
ஓராண்டாக முகம் கழுவ மட்டுமே நின்ற இடம்.
தட்டை என்னைத் தொந்தரவு செய்யவில்லை.
தொந்தரவெல்லாம் தழும்பின் கடைசியில்,
அக்குளருகே குவித்துவிட்டுப் போன
அந்த மடிப்பு.
கை வீசினால் உரசுகிறது.
மிச்சத்தை மூலையில் திரட்டிவிட்டு நகர்வது
பயிற்சிக்கு வந்தவர் செய்கிற வேலை.
என் மேசையில் என்றால்
பிரித்துத் தை என்றிருப்பேன்.

வேலைக் காற்சட்டையில் சுண்ணக்கட்டி இருந்தது.
மடிப்பைச் சுற்றி வெட்டுக்கோடு போட்டேன்,
வெளிப்புறம் சற்றே நீட்டி,
தோல் படுக்க இடம் விட்டு.
திங்கள் காலை, குளித்தபின்,
இன்னொரு தடவை.

சாரெலா குனிந்து பார்த்தார்.
"இது தாளில் இல்லையே."
இல்லை.
அதனால்தான் வரைந்துகொண்டு வந்தேன்.
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு கோட்டின் முனையில் விரல் வைத்து
"இங்கே இன்னும் ஒரு சென்டிமீட்டர்" என்றார்.
சரிதான்.
அவருக்கும் தைக்கத் தெரிந்திருக்கிறது.

திரும்பும் பேருந்தில் மூன்றாம் வரிசை,
நான் போன மாதம் தைத்தது.
சன்னலோரம் ஒரு பையன்
பேனா மூடியைப் பல்லால்
திறந்துகொண்டிருந்தான்.